மிஷின் உறுமுகிறது, காப்பியைக் காணோம்

புனேயின் வடமேற்கு ஓரத்தில், பவனா நதி முளாவுடன் கலக்கும் இடத்தை ஒட்டி இருக்கிறது சாங்வி. ஜுனி சாங்வி, நவி சாங்வி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும் இந்தப் பகுதி பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியைச் சேர்ந்தது. முளாவைத் தாண்டினால் அவுந்த். வேறு திசையில் போனால் ஹிஞ்சவடியின் கம்ப்யூட்டர் கம்பெனிகள். மகனோ மகளோ அங்கே வேலை பார்க்க, ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து தங்கியிருக்கும் தமிழ்ப் பெற்றோரை இங்கே அடுக்குமாடிகளில் பார்க்கலாம். கூடவே வந்திருக்கும் பித்தளை ஃபில்டரையும்.

அப்படி ஒரு வீட்டின் சமையலறை மேடையில், ஃபில்டருக்குப் பக்கத்தில், புதிதாக ஒரு கறுப்புப் பெட்டி. மகன் வாங்கி வைத்த காப்ஸ்யூல் காப்பி மிஷின். சின்னக் கிண்ணம் போன்ற ஒரு காப்ஸ்யூலைப் போட்டு, பிடியை அழுத்தி, பொத்தானைத் தட்டினால் அரை நிமிடத்தில் நுரையுடன் காப்பி. டிகாஷன் இறங்கக் காத்திருக்க வேண்டாம். நான்கு மாதம் எல்லாம் சரியாகவே நடந்தது. ஒரு நாள் காலை மிஷின் உறுமியது, அதிர்ந்தது. காப்பி மட்டும் வரவில்லை.

"ஏங்க, தண்ணி ஊத்தினீங்களா?"

"ரொம்பி வழியுது."

மூன்று முறை முயன்ற பிறகு ஐந்தாறு சொட்டு விழுந்தது, அதுவும் ஆறிப்போய். மகனுக்கு மீட்டிங். அம்மா பேசாமல் ஃபில்டரை எடுத்துக் கழுவினார். மிஷின் பரணுக்குப் போனது.

இப்படிப் பரணுக்குப் போகும் மிஷின்கள் பல உண்மையில் கெட்டுப்போனவையே அல்ல. பல ஆயிரம் ரூபாய்ப் பொருள் பத்து நிமிட வேலைக்காக முடங்கிக் கிடக்கிறது. காரணம், அதற்குள் என்ன நடக்கிறது என்று யாரும் வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்வதில்லை. விளம்பரம் "ஒரு பொத்தான் போதும்" என்கிறது. ஒரு பொத்தான் போதாத நாள் வரும் என்று சொல்வதில்லை.

சுவிட்சர்லாந்தின் நெஸ்லே கம்பெனியில் பொறியாளராக இருந்த எரிக் ஃபாவ்ர் 1970களில் உருவாக்கிய யோசனை இது. 1986இல் நெஸ்ப்ரெஸோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1990களில் அமெரிக்காவில் ஜான் சில்வன் என்பவரும் நண்பரும் அலுவலகங்களுக்காக க்யூரிக் மிஷினைக் கொண்டுவந்தார்கள். முதலாவது, காப்பித் தூளின் ஊடே வெந்நீரை மிக அதிக அழுத்தத்தில் தள்ளுவது. இரண்டாவது, காப்ஸ்யூலை மேலும் கீழும் ஊசியால் துளைத்துச் சாதாரண அழுத்தத்தில் வடிப்பது. இந்தியாவுக்கு நெஸ்ப்ரெஸோவைக் கொண்டுவரப்போவதாக நெஸ்லே 2024இல்தான் அறிவித்தது. அதற்கு வெகு முன்பே வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிள்ளைகளின் பெட்டிகளில் இந்த மிஷின்கள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன.

உள்ளே இருப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து நீரை இழுக்க ஒரு சின்ன பம்ப்; உறுமல் சத்தம் அதனுடையது. நீரைச் சூடாக்க, நெளிநெளியான மெல்லிய குழாய் ஓடும் ஒரு உலோகக் கட்டி. பிறகு காப்ஸ்யூல் அமரும் அறை, அதைத் துளைக்கும் ஊசிகள், கீழே சொட்டுத் தட்டு. தொட்டி, பம்ப், சூடேற்றி, ஊசி, கோப்பை - தண்ணீர் போகும் பாதை இவ்வளவுதான். கோளாறு இந்தப் பாதையில் எங்கே என்று வரிசையாகத் தேடினால் போதும்.

முதலில் உறுமல். பம்ப் சத்தம் போட்டும் தண்ணீர் வரவில்லையென்றால் பெரும்பாலும் காற்று அடைத்திருக்கிறது. தொட்டி முழுக்கக் காலியான பிறகு நிரப்பினாலோ, மிஷின் பல நாள் சும்மா கிடந்தாலோ குழாயில் காற்று புகுந்துவிடும். கிராமத்துக் கை பம்பில் தண்ணீர் ஊற்றி அடிப்பார்களே, அதே விஷயம். தொட்டியைக் கழற்றி, நிரப்பி, "கிளிக்" என்று உட்காரும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும். தொட்டியின் அடியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். தொட்டி அரைகுறையாக உட்கார்ந்தால் அது திறக்காது. பிறகு காப்ஸ்யூல் போடாமல், கீழே ஒரு பெரிய கிண்ணத்தை வைத்து, வெறும் தண்ணீரை இரண்டு மூன்று முறை ஓடவிட வேண்டும். காற்று வெளியேறியதும் உறுமலின் சுருதி இறங்கும், தண்ணீர் வரும். வராவிட்டால் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓடும் பம்ப் சூடாகிக் கெடும். சற்று ஆறவிட்டு மறுபடி முயலலாம்.

வெறும் தண்ணீர் நன்றாக வந்து, காப்ஸ்யூல் போட்டால் மட்டும் சொட்டுகிறதா? அப்படியானால் அடைப்பு ஊசியிலோ அறையிலோ. முந்தைய காப்ஸ்யூல் நசுங்கி உள்ளேயே சிக்கியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டுப் பார்ப்பது நல்லது. ஊசிகள் கூர்மையானவை, விரலைக் கிழிக்கும். ஊசி வகை மிஷினில் ஊசித் துளையில் தூள் அடைத்துக்கொள்வது சகஜம். நிமிர்த்திய காகிதக் கிளிப்பை மெதுவாக விட்டு எடுத்து, வெறும் தண்ணீர் ஓடவிட்டால் தூள் வந்துவிடும். ஃபில்டரின் துளைகள் அடைத்துக்கொண்டால் அடுப்புத் தணலில் காட்டித் தட்டியெடுத்த கைகளுக்கு இது புது வித்தையல்ல.

கீழே தண்ணீர் கசிந்து மேடை நனைகிறது என்றால், நிரம்பி வழியும் சொட்டுத் தட்டுதான் முதல் சந்தேகம். காப்பி குடிப்பதற்கு முன்னும் பின்னும் குழாயை அலசும் தண்ணீரெல்லாம் அங்கேதான் சேர்கிறது. அதைத் தினமும் கொட்டிக் கழுவாவிட்டால் இரண்டே நாளில் பூஞ்சை, பிறகு எறும்பு, கடைசியில் கரப்பான். தட்டு காலியாக இருந்தும் கசிந்தால் தொட்டியின் ரப்பர் வளையத்தைப் பார்க்க வேண்டும். அதில் தூளோ வெடிப்போ இருக்கும்.

ஆனால் சாங்வி வீட்டு மிஷினில் நடந்தது இவை எதுவுமல்ல. மெல்லிய ஒழுக்கு, ஆறிய காப்பி, நான்கு மாதத்தில் மெதுவாகக் கூடிவந்த சத்தம். இவை மூன்றும் சேர்ந்து வந்தால் குற்றவாளி தண்ணீர்.

பவனா அணையிலிருந்து வரும் நீர் மழைநீர்தான். ராவேத்தில் எடுத்து, நிகடியில் சுத்திகரித்து மாநகராட்சி அனுப்புகிறது. அதில் சுண்ணாம்பு குறைவு. ஆனால் 2019 நவம்பரில் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் என்ற முறை வந்து, ஆண்டுக் கணக்கில் தொடர்ந்தது. மக்கள்தொகை பெருகிய வேகத்துக்குக் குழாய் ஈடுகொடுக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பற்றாக்குறையை ஆழ்துளைக் கிணற்றாலும் டாங்கராலும் நிரப்பிக்கொள்கின்றன. பாறை இடுக்கில் ஊறி வரும் அந்த நீரில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதல். எல்லாம் மொட்டைமாடித் தொட்டியில் ஒன்றாகக் கலந்து ஒரே குழாயில் வருகிறது. திங்கட்கிழமை நுரைத்த சோப்பு வியாழக்கிழமை நுரைக்கவில்லையென்றால் கீழே டாங்கர் வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

கடின நீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு பிரிந்து வெள்ளையாகப் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் தெரிவது அதுதான். பாத்திரத்தில் படிந்தால் தேய்க்கலாம். மிஷினின் மெல்லிய குழாயில் படிந்தால் கை போகாது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. தினம் அரை லிட்டர் ஓடும் மிஷினில் மாதம் 15 லிட்டர். 600 என்றால் மாதத்துக்கு 9 கிராம் உப்பு அந்த நெளிகுழாய் வழியே போகிறது. அதில் ஒரு பங்கு தங்கினாலே போதும். பாதை குறுகும், ஒழுக்கு மெலியும். சுண்ணாம்புப் படலம் சூட்டைத் தடுப்பதால் காப்பியும் ஆறியே விழும்.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் ஆயிற்றா? சுண்ணாம்பு படியாது என்பது உண்மை. ஆனால் எல்லா உப்பையும் உறிஞ்சிவிட்ட தண்ணீரில் காப்பியின் சுவை சரியாக இறங்காது; சப்பென்று இருக்கும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்பதை அதன் மின்கடத்தும் தன்மையை வைத்து உணரும் மிஷின்களும் உண்டு. உப்பே இல்லாத நீரை அவை "தொட்டி காலி" என்று சொல்லி அடம்பிடிக்கும். காப்பி வல்லுநர்கள் நல்லதென்று சொல்லும் அளவு, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம். பல வீட்டு ஆர்.ஓ. கருவிகளில் இந்த அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. சர்வீஸுக்கு வரும் ஆளிடம் கேட்டால் சரிசெய்து தருவார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2025 ஜனவரியில் புனேயில் கில்லன்-பாரே நரம்பு நோய் பலரைத் தாக்கியபோது அசுத்தமான குடிநீர்மீது சந்தேகம் விழுந்தது. ஊரே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தது. காப்பி மிஷின் தண்ணீரைக் கொதிக்கவைப்பதில்லை. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, சில விநாடிகள் மட்டுமே சூடாக்கிக் கடத்துகிறது. குடிக்கத் தகுந்த தண்ணீரை மட்டுமே தொட்டியில் ஊற்ற வேண்டும். நேற்றைய மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். ஊருக்குப் போகும்போது தொட்டியைக் காலிசெய்து கவிழ்த்து வைக்க வேண்டும்.

படிந்த சுண்ணாம்பை எடுக்க அமிலம் வேண்டும். மிஷின் கம்பெனிகள் இதற்கென்றே கரைசல் விற்கின்றன. கையேடு அனுமதித்தால் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தையும் பயன்படுத்தலாம். வினிகர் விஷயத்தில் கம்பெனிக்குக் கம்பெனி பேச்சு மாறுகிறது. சிலர் சரி என்கிறார்கள். சிலர் ரப்பர் வளையங்கள் பாழாகும், கூடவே கூடாது என்கிறார்கள். கையேட்டைப் பார்ப்பதே உத்தமம். பித்தளைக்குப் புளி போட்டுப் பழகிய கை இங்கேயும் புளித்தண்ணீரையோ எலுமிச்சைச் சாற்றையோ தேடும். வேண்டாம். சக்கை உள்ளே போனால் அடைப்பு இரட்டிப்பாகும். ப்ளீச்சை அமிலத்தோடு சேர்ப்பது இன்னும் மோசம். நச்சு வாயு கிளம்பும்.

வேலை சுலபம். காப்ஸ்யூலை எடுத்துவிட்டு, சொட்டுத் தட்டைக் காலிசெய்து, கீழே ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தை வைக்க வேண்டும். தொட்டியில் கரைசலும் தண்ணீரும், கையேடு சொல்லும் அளவில். சுத்தம் செய்வதற்கென்று தனி முறை இருக்கும். பெரும்பாலும் இரண்டு பொத்தான்களைச் சில விநாடிகள் ஒன்றாக அழுத்தினால் விளக்கு கண்சிமிட்டி அந்த முறைக்குப் போகும். கரைசல் முழுவதும் ஓடி முடியட்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. பிறகு தொட்டியைக் கழுவி, இரண்டு முறை நல்ல தண்ணீர் நிரப்பி ஓடவிட வேண்டும். வெளியே விழும் நீரில் வெண்துகள்கள் மிதந்தால் பயப்பட வேண்டியதில்லை. நான்கு மாதமாக உள்ளே உட்கார்ந்திருந்தவை அவை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்வது பொதுவான கணக்கு. டாங்கர் தண்ணீரானால் இன்னும் அடிக்கடி.

காப்பி ஆறிப்போகிறது என்ற புகாருக்குச் சுண்ணாம்பு மட்டும் காரணமல்ல. நம் பழக்கமும் காரணம். இந்த மிஷின்கள் பாலில்லாத காப்பிக்காக வடிவமைக்கப்பட்டவை. 40 மில்லி டிகாஷன் கொடுத்துவிட்டு அதன் கடமை முடிந்தது என்று நிற்கும். அதன்மேல் குளிர்ந்த பாலை ஊற்றினால் சூடு எங்கே நிற்கும்? பாலைத் தனியே பொங்கக் காய்ச்சி, டம்ளரை முதலில் வெந்நீரில் அலசி, அதன் பிறகு காப்ஸ்யூலைப் போட்டால் கும்பகோணம் இல்லாவிட்டாலும் பக்கத்து ஊராவது தெரியும். பாலைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. சூடேற்றியில் பால் தீய்ந்தால் மிஷினை மீட்பது கஷ்டம். ஒரே காப்ஸ்யூலில் இரண்டாம் முறை தண்ணீர் விடுவதும் வீண். இரண்டாம் டிகாஷன் என்ற சிக்கனம் இங்கே செல்லாது, கசப்புத்தான் இறங்கும்.

நம் ஊர்த் தூளையே போட்டுக்கொள்ளத் திரும்பத் திரும்ப நிரப்பும் எஃகு காப்ஸ்யூல்கள் கிடைக்கின்றன. ஆனால் சிக்கரி கலந்த தூள் ஈரமானதும் பிசுபிசுவென்று இறுகும். அதை அழுத்தி அடைத்தால் பம்ப் திணறும். சிக்கரி இல்லாத தூளை, அமுக்காமல், விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்புவது நல்லது. இந்தக் கணக்கு பணத்துக்கும் உதவும். பொதுவாக அழுத்த வகைக் காப்ஸ்யூல் ஒன்றில் 5 அல்லது 6 கிராம் தூள் இருக்கிறது. ஒரு காப்ஸ்யூல் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காப்பித் தூள் கிலோ 8,000 ரூபாயைத் தாண்டுகிறது.

காப்ஸ்யூல்தான் வியாபாரம், மிஷின் அதற்கு வாசல். 2014இல் க்யூரிக் தன் புதிய மிஷினில் மற்றக் கம்பெனிகளின் காப்ஸ்யூலை அடையாளம் கண்டு மறுக்கும் ஏற்பாட்டை வைத்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள், விற்பனை அடிவாங்கியது, தவறு செய்துவிட்டதாக மறு ஆண்டே கம்பெனி ஒப்புக்கொண்டது. கண்டுபிடித்த ஜான் சில்வனே குப்பை மலையைப் பார்த்துவிட்டு, இதைச் செய்திருக்க வேண்டாமோ என்று தோன்றுவதாக 2015இல் சொன்னார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 2016இல் அரசு அலுவலகங்களுக்குக் காப்ஸ்யூல் காப்பி வாங்குவதை நிறுத்தியது. வீட்டில் செய்யக்கூடியது சிறியது: காப்ஸ்யூலைக் கிழித்துச் சக்கையைத் துளசித் தொட்டியில் போட்டு, அலுமினிய மூடியை உலர்குப்பையில் சேர்க்கலாம்.

எங்கே கைவைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மிஷினின் உடலைத் திருகு கழற்றித் திறக்கக் கூடாது. உள்ளே 230 வோல்ட்டும் தண்ணீரும் அருகருகே இருக்கின்றன. மண் இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கில்தான் செருக வேண்டும். மிக்ஸியுடன் ஒரே நீட்டிப்புப் பெட்டியில் அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷின் என்றால் அது 120 வோல்ட்டுக்கானது. இங்கே நேராகச் செருகினால் முதல் காப்பியே கடைசிக் காப்பி. சின்ன மாற்றியும் உதவாது. 1,400 வாட் தாங்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஓடும்போது பிடியைத் திறப்பதும் ஆபத்து. 2014 டிசம்பரில் வெந்நீர் பீறிட்டுச் சிலர் சுட்டுக்கொண்டதால் க்யூரிக் ஒரு வகையில் மட்டும் சுமார் 70 லட்சம் மிஷின்களுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு தர வேண்டியிருந்தது. அடுத்தடுத்து இரண்டு கோப்பைக்கு மேல் எடுத்தபோதுதான் ஆபத்து கூடியது. விருந்தாளிகள் ஆறு பேர் வந்தால் நடுவில் மிஷினுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் ஓடவில்லையென்றால் சர்வீஸ் சென்டர். பில்லையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். சுண்ணாம்புப் படிவால் வந்த கோளாறு உத்தரவாதத்தில் சேராது என்று பல கம்பெனிகள் பொடி எழுத்தில் எழுதியிருக்கின்றன. கடைசியாகச் சுத்தம் செய்த தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பது அப்போது கைகொடுக்கும். உத்தரவாதம் இருந்தும் தட்டிக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. குடியிருக்கும் ஊரிலேயே புகார் தரலாம். சென்னையில் வாங்கிப் புனேயில் வசிப்பவர்களுக்கு இது பெரிய வசதி. பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது.

சாங்வி வீட்டில் மிஷின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து இறங்கியது. அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையேட்டை உரக்கப் படித்தார், அம்மா செய்தார். முதல் பாத்திரம் நிறைய வெள்ளைத் துகள்கள். இரண்டாவது பாத்திரம் தெளிவு. மூன்றாவதாகப் போட்ட காப்ஸ்யூலில் நுரை எழும்பியது.

"ஓடுதே" என்றார் அப்பா. மகனுக்குச் சொல்லப் போனை எடுத்தார்.

"சாயங்காலம் சொல்லிக்கலாம்" என்றார் அம்மா. "இப்ப சூடு ஆறிடும்."

ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விருந்தாளி வந்தால் மிஷின், விடிகாலைக்கு ஃபில்டர். காலண்டரில் மட்டும் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.